கீழ்த் தளத்து ஒட்டகம்

அந்த நிலையத்தில் அவளுக்கு ஒட்டகம் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். வயதில் சிறியவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்து ஒட்டகக்கா என்பார்கள். பெயரை வைத்தவன் மேற்பார்வையாளன். உயரத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, அவள் குட்டை. காலையில் சுரங்கத்துக்குள் இறங்கினால் வேலை முடிந்து மேலே ஏறும் வரை அவள் தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. அதற்காக வைத்த பெயர். அவன் அதைப் பாராட்டாகச் சொன்னான். அவளும் பாராட்டாகவே வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

அவள் இப்போது இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் வயது என்றார்கள், விதி என்றார்கள், உடம்பைக் கவனித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டாள் என்றார்கள். எல்லாம் பொய். காரணம் ஒரு கதவு. சாம்பல் நிற இரும்புக் கதவு, அதில் ஒரு பூட்டு. அவ்வளவுதான்.

நிலையம் தலைநகரின் நடு வயிற்றுக்குக் கீழே இருக்கிறது. இரண்டு ரயில் தடங்கள் அங்கே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. நடுத் தளத்தில் சிவப்புத் தடம். அதற்கும் கீழே நீலத் தடம். எல்லாவற்றுக்கும் மேலே, தெருவை ஒட்டி, பயணச்சீட்டுக் கூடம். சிவப்பில் வந்தவர்கள் நீலத்துக்கு ஓடுவார்கள். நீலத்தில் வந்தவர்கள் சிவப்புக்கு ஓடுவார்கள். நடுவில் உள்ள இணைப்புப் பாதையில் இரண்டு கூட்டமும் முட்டி மோதி, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, திரும்பிப் பார்க்காமல் பிரிந்து போகும். அந்தப் பாதையும் அதன் இரு முனைகளிலும் உள்ள நகரும் படிக்கட்டுகளும்தான் அவளுக்கு ஒதுக்கப்பட்ட இடம்.

நகரும் படிக்கட்டின் கைப்பிடியைத் துடைப்பவர் நகரக் கூடாது. துணியை மருந்தில் நனைத்துக் கைப்பிடியின் மேல் அழுத்திக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். கைப்பிடி தானாக ஓடி வந்து துணிக்கு அடியில் நுழைந்து போகும். முழுச் சுற்றும் வந்து முடியும் வரை நிற்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு ஏதோ ஓர் அம்மாள் வேலை வெட்டி இல்லாமல் படிக்கட்டில் சாய்ந்து நிற்பது போலத் தெரியும். ஒருமுறை ஒரு கனவான், "சம்பளம் வாங்கிட்டு ஓய்வெடுக்கிறியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். "நீங்க புடிச்சுக்கிட்டுப் போற கம்பி உங்க மூக்கை விட சுத்தமா இருக்கு சார்" என்றாள் அவர் முதுகைப் பார்த்து. அவர் அதற்குள் பாதி தூரம் ஏறியிருந்தார்.

வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. கணவர் போன பிறகு அந்த வாயை வைத்துத்தான் பிழைத்தாள், மகளைப் படிக்க வைத்தாள். மகள் கட்டடங்களுக்குக் குழாய் வரையும் பொறியாளர் ஆனாள். எந்தத் தளத்தில் தண்ணீர் எப்படி ஏற வேண்டும், கழிவு எப்படி இறங்க வேண்டும் என்று கணக்குப் போடும் வேலை. "நான் கழுவி ஊத்துறேன், நீ அது போற வழியை வரையுற. ஒரே குடும்பத் தொழில்தான்" என்று அம்மா கேலி செய்வாள்.

கீழே வேலை செய்யும் பெண்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. வேலை தொடங்கும் முன் சாமான் அறையில் எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஒரு தண்ணீர்ப் பாட்டில் கை மாறும். ஆளுக்கு ஒரு வாய். வாயில் வைத்துக் கன்னம் கன்னமாக உருட்டி, தரை துடைக்கும் வாளியில் துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. வாய் நனைப்பு என்று அதற்குப் பெயர். புதிதாகச் சேர்ந்தவள் தெரியாமல் விழுங்கிவிட்டால் போச்சு.

"முழுங்கிட்டாடி! முழுங்கிட்டா!"

"இன்னிக்கு இவ டான்ஸ்தான்!"

அவள் மதியத்துக்குள் காலை மாற்றி மாற்றி நின்று, முகம் வெளுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு துடைப்பாள். மறுநாள் விழுங்க மாட்டாள். நாக்கு வறண்டால் நாக்குக்கு அடியில் ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பார்கள். எச்சில் ஊறும். இதையெல்லாம் கெட்டிக்காரத்தனம் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் முதல் கெட்டிக்காரி ஒட்டகம்.

பயணிகளுக்கான கழிப்பறை மேலே, பயணச்சீட்டுத் தடுப்புக்கு வெளியே இருந்தது. பெண்கள் தங்கள் அட்டையைக் காட்டித் தடுப்பைத் தாண்டினால் வேலை முடிந்து கிளம்பிவிட்டதாக இயந்திரம் பதிந்துகொள்ளும். திரும்ப உள்ளே விடாது. மனிதரிடம் கெஞ்சலாம், இயந்திரத்திடம் என்ன கெஞ்சுவது? அதைவிட, அந்த இயந்திரத்துக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்த மனிதர் எங்கே இருக்கிறார் என்றே அவர்களுக்குத் தெரியாது.

முதலில் இடுப்பு வலித்தது. தரை துடைக்கும் கட்டையைச் சுழற்றுவதால் வந்த பிடிப்பு என்று நினைத்தாள். சூடான துணியை வைத்துக் கட்டினாள். பிறகு சிறுநீர் போனால் எரிந்தது. தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும், போனால்தானே எரியும் என்று வீட்டிலும் குடிப்பதைக் குறைத்தாள். யாராவது கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். அந்தச் சுரங்கத்தில் வேலை செய்த எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். கால் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்துகொண்ட பிறகுதான் மகள் பிடித்து இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள்.

டாக்டர் இளம் பெண். ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?"

"வேலைக்குப் போற நாளா, லீவு நாளா?"

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "வேலைக்குப் போற நாள்."

"அன்னிக்குக் குடிக்க மாட்டேன் டாக்டர். வாயை மட்டும் நனைச்சுக்குவேன்."

"ஏன்?"

"குடிச்சா வருமே."

"வந்தா போக வேண்டியதுதானே?"

அவள் இந்தச் சின்னப் பெண்ணுக்கு உலகமே தெரியவில்லையே என்பது போலச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. மகள் குறுக்கிட்டாள்.

"கீழ பாத்ரூம் இருக்குன்னு சொன்னியேம்மா?"

"இருக்குடி. நாங்கதானே கழுவுறோம்."

இருந்தது. நடுத் தளத்தில், ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறைக்குப் பக்கத்தில், அந்தச் சாம்பல் நிறக் கதவுக்குப் பின்னால். ஓட்டுநர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டும். ஓட்டுநர்களிடம் ஆளுக்கொரு சாவி இருந்தது. துப்புரவுக்கு மேற்பார்வையாளன் தன் இடுப்புச் சாவியால் திறந்துவிடுவான். இருவர் இருவராகத்தான் உள்ளே போக வேண்டும், ஒருத்திக்கு இன்னொருத்தி சாட்சி. கழுவித் துடைத்ததும் இருக்கையின் குறுக்கே ஒரு காகிதப் பட்டையை ஒட்ட வேண்டும். 'சுத்தம் செய்யப்பட்டது' என்று அதில் அச்சடித்திருக்கும். அவன் வந்து பட்டை முழுசாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் பூட்டுவான். வயிறு முட்ட அடக்கிக்கொண்டு அடுத்தவர் கழிப்பறையைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, அதற்கு முத்திரை குத்திவிட்டு வெளியே வர வேண்டும். வருடக் கணக்கில் இதைச் செய்தார்கள். இது அநியாயம் என்று யாருக்கும் தோன்றாத அளவுக்குப் பழகிப் போயிருந்தது.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். ஒரு சிறுநீரகம் சுருங்கிவிட்டது. இன்னொன்று தாங்கிக்கொண்டிருக்கிறது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கவே கூடாது. இல்லையென்றால் அதுவும் போய்விடும்.

வீடு திரும்பும் வழியில் மகள் சொன்னாள். "வேலையை விட்டுடும்மா. நான் சம்பாதிக்கிறேன்ல."

"விட்டா?"

"விட்டா வீட்ல இரு. தண்ணி குடி."

"நெட்டை விடுவாளா? அந்தப் புதுசு விடுவாளா, ரெண்டு பிள்ளையை வச்சுக்கிட்டு? நான் வீட்ல உக்காந்து தண்ணி குடிச்சா அங்க கதவு திறந்துருமா?"

நெட்டை என்பது அவளுடைய ஜோடி, உயரமானவள், கழிப்பறை கழுவுவதில் அவளுக்குச் சாட்சி. புதுசு என்பது கடைசியாகச் சேர்ந்தவள்.

மகள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு கட்டடத்தில் இத்தனை பேர் வேலை செய்தால் இத்தனை கழிப்பறை வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதியை வைத்துத்தான் அவள் தினமும் வரைகிறாள். அந்த நிலையத்தை வரைந்தவர்களும் அதைப் பார்த்துத்தான் வரைந்திருப்பார்கள். ரயிலுக்கு ஆள் உண்டு, அலுவலகத்துக்கு ஆள் உண்டு என்று எண்ணியவர்கள், துடைப்பவர்களை மட்டும் எண்ணாமல் விட்டிருக்கிறார்கள். தரை தானாகவே சுத்தமாகும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

ஒட்டகம் முதலில் முறையாகத்தான் கேட்டாள். மேற்பார்வையாளனிடம் போனாள். அவன் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் கொடுத்தது. அவன் அதைப் பெண்களைக் கூப்பிடவும் பயன்படுத்தினான்.

"ஒட்டகத்துக்கு எதுக்கும்மா தண்ணி?" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். பிறகு, "அந்த ரூம் நீலக் கம்பெனியோடது. அவங்ககிட்ட கேளு" என்றான்.

சிவப்புத் தடம் ஒரு நிறுவனத்துடையது, நீலத் தடம் இன்னொன்றுடையது. நீலத்தின் அதிகாரி மரியாதையாகப் பேசினார். "உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா நீங்க எங்க ஆள் இல்லையே. உங்க ஒப்பந்தக்காரர்கிட்ட சொல்லுங்க."

ஒப்பந்தக்காரர் தொலைபேசியில் கத்தினார். "இடம் அவங்களோடது! என் சட்டைப்பையிலயா பாத்ரூம் வச்சிருக்கேன்?"

மூன்று பேரும் சுத்தமாகக் கை கழுவிவிட்டார்கள். கை கழுவ அவர்களுக்கு இடம் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலைப் பொழுது. டாக்டர் சொன்னபடி வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தாள். அவளும் நெட்டையும் அந்த அறையைக் கழுவி முடித்தார்கள். பட்டையை ஒட்டியாகிவிட்டது. நெட்டை வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஒட்டகம் போகவில்லை. கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

மேற்பார்வையாளன் வந்து தட்டினான்.

"யாரு உள்ள?"

"ஆளு இருக்கு."

"எந்த ஆளு?"

"அவசரமான ஆளு."

"ஒட்டகமா? ஏய், உள்ள என்ன பண்ற?"

"இந்த ரூம்ல எல்லாரும் என்ன பண்ணுவாங்களோ அதைத்தான் சார்."

வெளியே நெட்டை சிரிப்பை அடக்கக் கையுறைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அது எதற்குப் போட்ட கையுறை என்று நினைவு வந்து, தூ தூ என்று துப்பினாள்.

"பட்டையைக் கிழிச்சிட்டியா?"

"கிழிக்காம எப்படி சார் உக்கார்றது?"

"கதவைத் திற! திறன்றேன்ல!" விசிலை எடுத்து ஊதினான். கழிப்பறைக் கதவுக்கு முன்னால் நின்று விசில் ஊதிய மனிதன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். ஓய்வறையிலிருந்து ஓட்டுநர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஊதுங்க, ஊதுங்க. ஊதினா நிக்கிறதுக்கு இது என்ன ரயிலா?" என்றது உள்ளிருந்து குரல்.

ஓட்டுநர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அவள் நிதானமாகக் கை கழுவி, துடைத்து, புதுப் பட்டை ஒன்றை ஒட்டிவிட்டு வெளியே வந்தாள். "சுத்தம் செய்யப்பட்டது சார். பாத்துக்குங்க."

இந்தக் காட்சி நிலைய அதிகாரி வரை போயிற்று. அவர் அவளை அழைத்து உட்காரச் சொன்னார். நல்ல மனிதர் என்ற பெயர் அவருக்கு. யாரையும் திட்டமாட்டார், எதையும் செய்யவும் மாட்டார்.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லியிருந்தா நாங்க பாத்திருப்போமேம்மா. டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. உங்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு தர்றோம்."

"மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களுக்கும் கிட்னி போயிருக்கா?"

"இன்னும் போகல சார்."

"அப்புறம் என்ன?"

அவள் எழுந்து வந்துவிட்டாள். கெட்டுப்போன பிறகு வா, திறக்கிறோம் என்கிறார். ஆனால் விதிவிலக்கை வாங்கிக்கொண்டாள். அதை என்ன செய்யப் போகிறாள் என்று அவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

சாவி மேற்பார்வையாளனிடம்தான் இருக்கும். ஒட்டகத்துக்கு வேண்டும்போது யாராவது ஒருத்தி போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும், ஏனென்றால் அவள் படிக்கட்டை விட்டு அசையக் கூடாது. அந்த ஏற்பாட்டைச் செய்தவனும் அவன்தான். அன்றிலிருந்து ஒட்டகத்துக்கு ஓயாமல் அவசரம் வந்தது.

"சார், ஒட்டகக்காவுக்கு அவசரம். சாவி."

"இப்பத்தானேம்மா போனா?"

"மாத்திரை சார். மாத்திரை அப்படி."

உண்மையில் நெட்டை போனாள். புதுசு போனாள். நீலத் தளத்துப் பெண்கள் கூட ஏறி வந்து போனார்கள். ஒட்டகம் கைப்பிடியில் துணியை அழுத்திக்கொண்டு நின்று, ஒவ்வொருத்தியும் முகம் தெளிந்து திரும்புவதைப் பார்ப்பாள். "எனக்கு எப்படி இருந்துச்சுடி?" என்று கேட்பாள். "உங்களுக்கு ரொம்ப சௌகரியமா இருந்துச்சுக்கா" என்பார்கள். அந்தக் கொஞ்ச காலம் சாமான் அறையில் வாளியில் துப்பும் சத்தம் கேட்கவில்லை. அவள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி, சிரித்து, விலா வலிக்கிறது என்று படுத்துக்கொள்வாள். மகளும் சிரிப்பாள்.

கெட்டது இப்படித்தான். ஒருநாள் ஒட்டகத்துக்குக் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். கீழே வழக்கம் போல வேலை நடந்தது. புதுசுக்கு அவசரம். பழக்க தோஷத்தில் நேராகப் போய், "சார், ஒட்டகக்காவுக்கு அவசரம்" என்று கையை நீட்டினாள்.

மேற்பார்வையாளன் சாவியைப் பாதி எடுத்தவன் நிறுத்தினான்.

"அவ ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. அங்கேருந்து இங்க வந்தா போயிட்டுப் போறா?"

புதுசு விழித்தாள். அழுதாள். அவ்வளவுதான். நகல் சாவி எடுத்திருப்பார்களோ என்று அன்று மாலைக்குள் பூட்டை மாற்றினார்கள். ஒரு சாமான் வாங்க வேண்டும் என்றால் மாதக் கணக்கில் இழுக்கும் அந்த நிர்வாகம் ஒரு பூட்டை ஒரே நாளில் மாற்றியது. விதிவிலக்கு ரத்து. நம்பிக்கைத் துரோகம் என்று காரணம் சொன்னார்கள். துரோகம் செய்தது யார் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பியவளிடம் புதுசு காலில் விழாத குறையாக அழுதாள். "என்னாலதான்கா."

"அட சீ, எழுந்திரு. இத்தனை நாள் மாட்டாம இருந்ததுதான் அதிசயம். பாத்ரூம் போனதுக்கு மாட்டிக்கிட்டு அழுவுறா பாரு!"

சிரித்தாள். ஆனால் மறுபடி தண்ணீர் குடிக்காமல் நின்றாள். டாக்டர் எச்சரித்ததும் மகள் கத்தியதும் காதில் ஏறவில்லை. வீங்கிய காலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு போனாள். மகள் நிலையத்துக்கே நேரில் போய் அதிகாரியைப் பார்த்தாள். விதியைச் சொன்னாள். தன் தொழிலின் பெயரால் சொன்னாள். அவர் தேநீர் வரவழைத்தார். பரிசீலிப்பதாகச் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருந்த அறைக்குள்ளேயே அவருக்கென்று தனியாக ஒரு கழிப்பறை இருந்தது. அதன் தொட்டி நிரம்பும் ஓசை பேச்சு முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

பரிசீலனை வந்து சேரவில்லை. ஒட்டகம் காத்திருந்து அலுத்துப்போனாள். ஒருநாள் காலையில் சாமான் அறையில் பாட்டில் கை மாறி அவளிடம் வந்தது. அவள் ஒரு வாய் எடுத்துக் கன்னத்தில் உருட்டவில்லை. விழுங்கினாள். இன்னொரு வாய். இன்னொன்று. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள்.

"முழுங்கிட்டாடி" என்று யாரும் கத்தவில்லை.

"அக்கா, இன்னொரு பாட்டில் இருக்கு" என்றாள் நெட்டை. அவளும் குடித்தாள். எல்லோரும் குடித்தார்கள். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. பேசியிருந்தால் பயம் வந்திருக்கும்.

கூட்டம் நெரியும் வேளை. ஓட்டுநர்கள் மாறும் நேரமும் அதுதான். முதலில் புதுசுக்கு வந்தது. கையில் துடைப்பத்தோடு போய்ச் சாம்பல் நிறக் கதவுக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் நெட்டை. அப்புறம் ஒவ்வொருத்தியாக. கோஷம் இல்லை, தகராறு இல்லை. கழிப்பறைக்கு வரிசை. எந்த நாட்டிலும் தப்பில்லாத காரியம். வரிசை ஓய்வறையைத் தாண்டி இணைப்புப் பாதை வரை நீண்டது. ஒட்டகம் கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நீலத் தடத்துக்குப் போக வேண்டிய ஓர் ஓட்டுநர் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான்.

"என்னக்கா இது, ஊர்வலமா?"

"வரிசை தம்பி. கடைசியில போய் நில்லுங்க."

"என்கிட்ட சாவி இருக்கு."

"எங்ககிட்ட அவசரம் இருக்கு."

மேற்பார்வையாளன் மூச்சிரைக்க ஓடி வந்தான். விசில் ஊதினான். ஒருத்தி கூடத் திரும்பவில்லை. ஓட்டுநர் அவனையும் பார்த்தான், புதுசின் முகத்தையும் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தால் கல்லுக்கும் புரிந்திருக்கும். அவன் சாவியைப் போட்டுத் திறந்தான். கதவைத் தோளால் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

"போங்க. சீக்கிரம் போயிட்டு வாங்க. எனக்கும் முட்டுது."

"உன்னைத் தொலைச்சிருவேன்! வண்டி எடு!" என்று மேற்பார்வையாளன் கத்தினான்.

"வரிசையில நிக்கிறேன் சார். என்ன பண்ணச் சொல்றீங்க?"

கீழே நீலத் தடத்தில் ரயில் ஓட்டுநர் இல்லாமல் நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. நடைமேடை நிரம்பி, படிக்கட்டு நிரம்பி, கூட்டம் மேலே வரை வழிந்தது. 'தொழில்நுட்பக் காரணங்களால் ரயில் தாமதம்' என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. பெண்கள் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் தொழில்நுட்பக் காரணம்.

அவள் கேட்டபோது கேட்காத காது, மகள் சொன்னபோது கேட்காத காது, ரயில் நின்றதும் திறந்துகொண்டது. நகரமே தாமதமாக அலுவலகம் போனது. செய்தியானது. இரண்டு நிறுவனங்களும் ஒப்பந்தக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். யார் பொறுப்பு என்ற அந்தத் தீராத சிக்கல் ஒரே கூட்டத்தில் தீர்ந்தது. அந்த அறையை அனைத்துப் பணியாளருக்கும் திறந்துவிடுவது என்று முடிவானது. உள்ளே கூடுதலாக இரண்டு கழிப்பறைத் தடுப்புகள். வாசலில் ஒரு பலகை. பலகையில் அதிகாரிகளின் பெயர்கள். 'பெண் பணியாளர்களின் நலனில் என்றும் அக்கறையோடு' என்ற வாசகம். பூட்டை ஒரே நாளில் மாற்றியவர்கள் திறப்பதற்கு நல்ல நாளும் புகைப்படக்காரரும் அமைய வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பில் அவளுடைய இரண்டாவது சிறுநீரகமும் நின்றுபோனது.

திறப்பு விழாவுக்கு அவளை மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்தார்கள். வர வேண்டாம் என்று மகள் எவ்வளவோ சொன்னாள். "எங்க கதவுடி, நான் போகாம?" என்றாள். சீருடையைப் போட்டுக்கொண்டு வந்தாள். இளைத்த உடம்பில் அது தொளதொளத்தது. கையில், இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிக்க ஊசி குத்திய இடம் வீங்கியிருந்தது. கதவின் குறுக்கே நீல நாடா ஒன்றும் சிவப்பு நாடா ஒன்றும் கட்டியிருந்தார்கள். நிலைய அதிகாரி பேசினார். நீளமாகப் பேசினார். அடித்தட்டுப் பணியாளரின் கண்ணியம் என்றார். ஒப்பந்தக்காரர் கைதட்டினார். மேற்பார்வையாளனும் கைதட்டினான். பெண்கள் வரிசையாக நின்றார்கள், நெட்டை காலை மாற்றி மாற்றி நின்றாள். காலையில் குடித்த தண்ணீர். இப்போதெல்லாம் அவர்கள் விழுங்கினார்கள்.

நாடாக்கள் வெட்டப்பட்டன. அதிகாரி ஒட்டகத்தின் பக்கம் திரும்பி இரண்டு கையாலும் கதவைக் காட்டினார்.

"வாங்கம்மா. முதல்ல நீங்கதான் போகணும். உங்களுக்காகத்தானே திறந்திருக்கோம்."

புகைப்படக்காரர் மண்டியிட்டுக் கோணம் பார்த்தார்.

"எனக்கு வேணாம் சார்."

"கூச்சப்படாதீங்கம்மா. சும்மா வாசல்ல நின்னா போதும்."

"கூச்சம் எல்லாம் இல்ல சார். எனக்கு இப்ப வர்றதே இல்ல. மெஷின்தான் எடுக்குது. தண்ணியும் குடிக்கக் கூடாதாம், அளந்து அளந்துதான் தர்றாங்க." குரலை உயர்த்தவில்லை. படிக்கட்டு எந்தப் பக்கம் என்று கேட்ட பயணிக்கு வழி சொல்வது போலச் சொன்னாள். "கேட்டப்ப திறந்திருந்தா வந்திருக்கும்."

அதிகாரியின் முகத்தில் புகைப்படத்துக்கு வைத்த சிரிப்பு எடுக்க மறந்து அப்படியே இருந்தது. மேற்பார்வையாளன் தரையைப் பார்த்தான். தரை சுத்தமாக இருந்தது.

அவள் நெட்டையைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏன்டி, எவ்வளவு நேரம் டான்ஸ் ஆடுவ? போடி உள்ள."

நெட்டை யாரையும் பார்க்காமல் ஓடினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. புகைப்படக்காரர் அடுத்து என்ன என்று அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கதவைத் தட்ட ஒரு கையைத் தூக்கினார்.

ஒட்டகம் மெதுவாக நகர்ந்து வந்து கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். வீங்கிய கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து.

"ஆளு இருக்கு சார்" என்றாள்.